பதினைந்து தூக்குவாளிகள்

விஜயபாண்டி, ஏலக்காய் பறிக்கும் பெண்களைப் போடியிலிருந்து மலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏற்றிப் போகிறவர். ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் செல்போனுமாக, போகிற போக்கிலேயே மறுநாள் லோடைப் பேசி முடித்துவிடுவார். மற்றவர்கள் ஒரு நடை போவதற்குள் அவர் இரண்டு நடை போய்வந்துவிடுவார். "அண்ணனுக்கு நாலு கைடி" என்று பறிக்கப் போகும் பெண்களில் ஒருத்தியான ஈஸ்வரி கிண்டல் செய்வாள்.

சாயங்காலம் பெண்கள் தூக்குவாளிகளை முதலில் வண்டிக்குள் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். போன் பேசிக்கொண்டே அவர் வாளிகளை எண்ணுவார். பதினைந்து வாளி என்றால் பதினைந்து பேர்.

போன ஐப்பசியில், வாளியைக் கொடுத்த சூர்யகலா மறந்துவைத்த துண்டை எடுக்கத் தோட்டத்துக்குள் திரும்பிப் போனாள். மழைக்குப் படுதா இறக்கியிருந்தது. பின்னால் இருந்தவர்கள் அவள் முன்சீட்டில் இருப்பதாக நினைத்தார்கள். அவர் பதினைந்து எண்ணி வண்டியை எடுத்தார். மறுநாள் காலையில், யானை மிதித்துப் போட்டிருந்த அவளை ஓடையோரம் கண்டெடுத்தார்கள்.

இப்போது ஒரே நடைதான். போனை அணைத்துவிட்டு, முகம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதினாலு பேரும் குரல் கொடுப்பார்கள். பிறகு "சூர்யகலா" என்பார். சாவியைத் திருகாமல் காத்திருப்பார். மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியில் ஈஸ்வரிதான் சொல்வாள்: "ஏறிட்டாண்ணே. வண்டிய எடுங்க."