விரல்நுனியில் சிக்கிய பிழை

எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் உறுதிப் பத்திரம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அதைத் தமிழில் ஒருமுறை முழுதாக வாசித்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். கொட்டாஞ்சேனையில் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை உறுதியின் பிரதியை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலாம் மாடியில் சின்ன அறை. ஒருவர் தாளைக் கையில் பிடித்தபடி சிங்களத்தில் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்த பெண், அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கண் தெரியாது என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. மேசையில் இருந்த கணினியின் திரை அணைந்திருந்ததைக் கண்ட பிறகுதான் விளங்கியது. வாசித்தவர் அவருடைய கணவர்.

மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெண்தான். பிரதியை வாங்கி வைத்துவிட்டு, என் வேலை என்னவென்று கேட்டார். கொள்ளுப்பிட்டியில் ஒரு சொஃப்ட்வெயார் கம்பனியில் ஹோட்டல் முன்பதிவுப் பக்கங்கள் செய்கிறேன் என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, தட்டையான கறுப்புக் கருவி ஒன்றை எடுத்து வைத்தார். அதன் முன்விளிம்பில் நாற்பது சின்னக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் எட்டுத் துளைகள். கணினியில் உள்ள எழுத்துக்கு ஏற்ப அந்தத் துளைகளில் ஊசிமுனைகள் எழும்பும், விரலால் தடவி வாசிக்கலாம் என்றார். பிரெய்ல் எழுத்துக்கான யு.எஸ்.பி. கருவி.

“வெளிநாட்டுச் சங்கம் ஒண்ணு குடுத்ததுங்க. பழைய கம்ப்யூட்டர்ல நல்லா வேலை செஞ்சுச்சு. அது செத்துப்போச்சு. புதுசுல சொருகினா அசையவே மாட்டேங்குது. செஞ்ச கம்பெனியும் இப்ப இல்ல.”

“உங்கட கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டுதுதானே அக்கா?” என்று கேட்டேன்.

“காட்டுது. ஆனா ‘அறை’ன்னு அடிச்சேனா ‘அரை’ன்னு அடிச்சேனான்னு காதுக்கு எப்படித் தெரியும்? வீட்டு உறுதியில அது ஒண்ணு மாறினா போதும், சரிபாத்துக் கையெழுத்து வைக்கிறவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவாரு.”

அவருடைய கணினியில் லினக்ஸ் இருந்தது. யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று விட்டிருக்கும் இயங்குதளம். அதன் நடுப்பகுதியைக் கேர்னல் என்பார்கள். ஒரு கருவியைச் சொருகினால் அதோடு பேசத் தெரிந்த டிரைவர் என்ற சிறுநிரல் கேர்னலுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கருவிக்கு அப்படி ஒன்றை யாருமே எழுதவில்லை. நான் பத்து வருடமாக லினக்ஸைப் பாவிக்கிறவள். அதற்கு ஒரு வரி கூட எழுதிக் கொடுத்ததில்லை. அதெல்லாம் பெரிய ஆட்களின் வேலை என்று நினைத்திருந்தேன். ஆனாலும், “பாத்திட்டுச் சொல்லுறன் அக்கா” என்று வாய் சொல்லிவிட்டது.

கருவியோடு வந்த பழைய சீடியை அவர் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் என் மடிக்கணினிக்குள் ஒரு பழைய விண்டோஸை ஓடவிட்டு, சீடியில் இருந்த நிரலை அதில் ஏற்றி, கருவிக்கும் அதற்கும் இடையே போய்வந்த ஒவ்வொரு பைட்டையும் பதிவு செய்தேன். இரண்டு வாரத்தில் பாதி புரிந்தது. கருவிக்குள் இருந்த மின்சில்லு பழைய சீரியல் வழியில், ஒன்றன்பின் ஒன்றாகப் பைட்டுகளை அனுப்பிப் பேசுகிறது. அதைக் கேர்னலுக்குப் புரியவைத்துவிட்டால் போதும், அதற்கு மேல் எழுத்தைப் புள்ளியாக மாற்றும் நிரலை உலகத்தில் வேறு யாரோ ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்கள். மிச்சப் பாதிக்கு எனக்குப் பிரெய்ல் தெரிந்த விரல்கள் தேவைப்பட்டன.

அடுத்த சனிக்கிழமை இருவரும் அந்த மேசையில் உட்கார்ந்தோம். அவர் முதல் கட்டத்தின் மேல் சுட்டுவிரலை வைத்தார். ஒரு கட்டத்தின் எட்டுப் புள்ளிகளுக்கும் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துப் போகும் எண்கள்; எந்த எண்ணுக்கு எந்தப் புள்ளி எழுகிறது என்று பார்க்க வேண்டும்.

“ஒண்டு அனுப்புறன் அக்கா.”

“இடது பக்கம், மேல.”

“இப்ப ரெண்டு.”

“அதுக்குக் கீழ.”

“நாலு.”

“அதுக்கும் கீழ.”

“எட்டு.”

விரல் கொஞ்சம் நின்றது. “இது நாலாவது புள்ளி, வலது மேல வரணும். ஆனா இடது அடியில வருது. செஞ்சவங்க வரிசையை மாத்தியிருக்காங்க.”

கருவியைச் செய்தவர்கள் மறைத்து வைத்திருந்ததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அட்டவணையை எழுதினேன். மதியத்துக்குள் ஒரு தமிழ் வாக்கியம் புள்ளிகளாக எழுந்தது. அவர் அதை இடமிருந்து வலமாக ஒருமுறை தடவினார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, காலையில் முடித்திருந்த ஒரு கடிதத்தைத் திறக்கச் சொன்னார். மூன்றாம் வரியில் விரல் நின்றது. “பாருங்க, ‘ஏரி’ன்னு அடிச்சு வச்சிருக்கேன். ‘ஏறி’ வரணும்.” திருத்திவிட்டுச் சிரித்தார். நான் அன்றைக்கு வெள்ளவத்தை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

ஆனால் வேலை முடியவில்லை. நாலு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, சில வரி வரமாட்டேங்குது. பழைய வரியே நிக்குது. அடுத்த வரிக்குப் போனா ரெண்டும் குழம்பி வருது.”

“எப்ப எப்ப அக்கா அப்பிடி வருது?”

“அது தெரியல. பாத்துச் சொல்றேன்.”

ஒரு இரவுக்கு மட்டும் கருவியை வாங்கி வந்து நான் என் பக்கத்தில் தேடினேன். ஆயிரம் தடவை எழுத்தை அனுப்பிப் பார்த்தேன். சில வேளை நின்றது, சில வேளை நிற்கவில்லை. கேபிளைச் சந்தேகித்தேன், சில்லைச் சந்தேகித்தேன், வெட்கமாக இருக்கிறது, அவருடைய விரலையும் ஒரு கணம் சந்தேகித்தேன்.

அடுத்த வாரம் போனபோது அவர் பீடிகை எதுவும் போடவில்லை.

“எண்ணிப் பாத்தேங்க. வரியில ஆறு கட்டம் இருந்தா நிக்குது. பதினாலு இருந்தா நிக்குது. அப்புறம் இருபத்திரெண்டு, முப்பது, முப்பத்தெட்டு. வேற எதுலயும் நிக்கல.”

“எழுத்தையா எண்ணினீங்க?”

“எழுத்து இல்ல, கட்டம். ஒரு ‘கொ’வுக்கே ரெண்டு கட்டம் போகும்ல. நானூறு வரி போல பாத்திருப்பேன். வேலை செஞ்சுக்கிட்டே எண்ணினதுதான்.”

நான் அந்த ஐந்து எண்களையும் தாளில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் எட்டு. புள்ளியாக மாற்றும் நிரல், வரியில் எழுத்து முடிகிற இடம் வரைதான் அனுப்பும். அதற்கு முன்னால் டிரைவர் இரண்டு பைட் கட்டளை சேர்க்கும். ஆறும் இரண்டும் எட்டு. பதினாலும் இரண்டும் பதினாறு. இந்தக் கருவி ஒரு நேரத்தில் எட்டு பைட் கொண்ட பொதிகளாகத்தான் வாங்கிக்கொள்ளும். கடைசிப் பொதி எட்டுக்குக் குறைந்து வந்தால் செய்தி முடிந்தது என்று அதற்குத் தெரியும். கடைசிப் பொதியும் நிறைந்து வந்துவிட்டால், இன்னும் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில், முடிந்தது என்று சொல்ல ஒரு காலிப் பொதியை அனுப்ப வேண்டும். நான் அனுப்பவில்லை.

யு.எஸ்.பி. பற்றிய பாடங்களில் எழுதியிருக்கிற விஷயம்தான். நானும் வாசித்தவள்தான். ஆனால் கண் முன்னால் அலைந்துகொண்டிருந்த பிழைக்கும் அந்தப் பாடத்துக்கும் நடுவே பாலம் போட்டது அவருடைய எண்ணிக்கை. ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். ஆறு கட்டத்தில் ஒரு சொல்லை அனுப்பினேன்.

“வந்திடுச்சு” என்றார்.

“பதினாலு?”

“வந்திடுச்சு.”

முப்பத்தெட்டு வரை போனோம். கணவர் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன நடக்கிறதென்று புரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

இதை என் மடிக்கணினியிலும் அவருடைய கணினியிலும் மட்டும் வைத்திருந்தால், கேர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் நான் கொட்டாஞ்சேனைக்கு ஓட வேண்டும். கேர்னலுக்குள்ளேயே போய்விட்டால் யாரும் ஓட வேண்டியதில்லை. பயந்து பயந்து டிரைவரைக் கேர்னலைப் பராமரிப்பவர்களுடைய மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அந்தப் பகுதியைப் பராமரிப்பவர், வேறொரு கண்டத்தில் இருப்பவர், என் முந்நூறு வரியையும் வரி வரியாக வாசித்திருந்தார். பதினொரு இடத்தில் குறிப்பு. புகழ்ச்சி இல்லை, ஏளனமும் இல்லை. இடைவெளி விட்டது தவறு, எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இந்தப் பெயர் தெளிவாக இல்லை. ஒன்பதாவது குறிப்பு ஒரு கேள்வி: எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும்?

யோசித்தே பார்க்கவில்லை. கருவி என்னிடம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுத்தை ஓடவிட்டுக் கேபிளைப் பிடுங்கினேன். மடிக்கணினி அப்படியே உறைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “உடைச்சுப்போட்டியோ?” என்றார். ஒரு உறுதியைப் பாதி மொழிபெயர்த்திருக்கும்போது அந்த அறையில் யாரோ கேபிளில் தடக்கியிருந்தால், என் டிரைவர் அவருடைய கணினியையும் இப்படித்தான் உறையவைத்திருக்கும். முகம் தெரியாத ஒருவர், தன் வாழ்நாளில் தொடப்போகாத ஒரு கருவிக்காக அதை யோசித்துப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்தது. இன்றுவரை குறையவில்லை.

திருத்தி இரண்டாம் முறை அனுப்பினேன். மூன்று குறிப்புகள். கடைசிக் குறிப்பில், விளக்கத்தில் நான் எழுதியிருந்த காலிப் பொதிக் குறையை யார் கண்டுபிடித்தது, அவர் பெயரையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்டிருந்தார். பிழையைக் கண்டு சொன்னவரின் பெயரை எழுதுவது அங்கே வழக்கம்.

அக்காவிடம் கேட்டேன்.

“என் பேரா? நான் என்ன செஞ்சேன், எண்ணினேன்.”

“அதுதான் அக்கா. அதைத்தான் எழுதப்போறன்.”

அவருக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர் விழித்துக்கொண்டார். “அப்ப ஸ்பெல்லிங் சரியா போடுங்க. அடையாள அட்டையிலேயே ஒரு எழுத்தை விட்டுட்டாங்க. கடைசியில எச் வரும்.” நான் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவைத்துத்தான் விட்டார்.

மூன்றாம் முறை அனுப்பியதை ஒரே வரியில் ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அழைப்பு வந்தது.

“தங்கச்சி, நேத்து அப்டேட் போட்டோம். நீங்க வச்சுக் குடுத்த ஃபைலை இவரு எடுத்துட்டாரு. அது இல்லாமலே சொருகின உடனே வருது.”

“கேபிளைப் பிடுங்கிப் பாத்தீங்களா?”

“ரெண்டு தடவை பிடுங்கியாச்சு. ஒண்ணும் ஆகல. சரி, வைக்கட்டுமா? இன்னும் ஏழு பக்கம் இருக்கு, இவரு வாசிச்சுக்கிட்டே இருக்காரு.”

பின்னால் கணவரின் குரல் சிங்களத்தில் ஒரு காணியின் வடக்கு எல்லையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.