காணாமல் போன பன்னிரண்டு அடி

2024 மார்ச் 9, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். காப்பி குடித்தேன். மனைவியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். ஏழரைக்கு அவள் மாடிப்படி இறங்கத் தொடங்கினாள். எங்கள் வீடு மூன்றாம் மாடியில்; மின்தூக்கி கிடையாது. கீழே வந்து சேரப் பதினொரு நிமிடம் ஆனது. போன மாதம் ஒன்பது.

அதற்காகத்தான் வீடு கட்டுவது. கம்போங் குவாந்தான் போகும் பாதையில் மாமனார் அவளுக்குப் பிரித்துக் கொடுத்த, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட நிலம் இருக்கிறது. அங்கே கீழ்த்தளத்தில் அவளுக்கு ஒரு படுக்கையறை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எட்டரைக்கு நிலத்துக்கு வருவதாகச் சொன்ன கட்டடக் குத்தகையாளர் பத்தே காலுக்கு வந்தார். அவருடைய மதிப்பீடு ஒரே தாள், மூன்று வரி, கடைசியில் ஒரு பெரிய தொகை. நான் நாற்பத்தொரு கேள்வி எழுதி வைத்திருந்தேன்.

"கதவெல்லாம் என்ன மரம்?"

"நல்ல மரந்தாண்ணே."

"நல்ல மரம்னா?"

"கதவுக்குப் போடுற மரம் லா."

"இங்க மண்ணு மெத்துன்னு இருக்கே. பைலிங் தூண் எவ்வளவு ஆழம் போகும்?"

"அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். பாத்துக்கலாம்ணே."

இந்தப் 'பாத்துக்கலாம்' அரை மணி நேரத்தில் ஏழு முறை வந்தது. அதற்கு எத்தனை வெள்ளி செலவாகும் என்பது மட்டும் தாளில் இல்லை.

"எனக்கு அளவு வேணும் தம்பி. சமாதானம் வேணாம்."

"அளவுதானே?" என்று அவர் லோரியிலிருந்து டேப்பை எடுத்து வந்தார். அதுவரை அவர் நிலத்தை அளக்கவே இல்லை. வீட்டு வரைபடத்தில் இருந்த தொண்ணூறு அடி அகலம் நான் கொடுத்தது. இருபத்தெட்டு வருடம் எஸ்டேட்டில் மரக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். மரத்துக்கு மரம் முப்பதடி. கால்வாய் ஓர வரிசையிலிருந்து எல்லை வரிசை வரை மூன்று இடைவெளி. அதற்கு டேப் எதற்கு?

"எழுபத்தெட்டுண்ணே."

நானே வாங்கி இரண்டு முறை அளந்தேன். எழுபத்தெட்டு. செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுவார்கள். ஒரே வரிசையில் மரத்துக்கு மரம் முப்பதடிதான். ஆனால் வரிசைக்கு வரிசை இருபத்தாறு. புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

காரில் உட்கார்ந்திருந்த மனைவி சிரித்தாள். "மரம் எண்ணியே சம்பளம் வாங்கினவரு! இன்னும் எத்தனை கேள்வி பாக்கி? கேளுங்க, கேளுங்க."

பன்னிரண்டு அடி குறைந்துவிட்டது. வரைபடத்தின் ஓரத்தில் இருந்த அவள் அறையின் அகலமும் பன்னிரண்டு.

"அக்கா ரூமை மேல தூக்கிடலாம்ணே. செலவும் கொறையும்" என்றார் குத்தகையாளர்.

அவள் சிரிப்பு நின்றது. "மேல ஏறவா இம்புட்டு செலவு பண்றோம்?"

கூடத்தை ஒட்டி எனக்கென்று ஓர் எழுத்தறை கேட்டிருந்தேன். முப்பத்தொரு வருட நாட்குறிப்புகளுக்கு அலமாரிகூட வரைந்து கொடுத்திருந்தேன். "எழுத்தறை வேணாம். அங்க அவ ரூம்" என்றேன்.

"அப்படின்னா கணக்கைப் புதுசா போடணும்ணே."

"எப்போ கிடைக்கும்?"

"பாத்துக்கலாம்ணே."

எட்டு.

மறுநாள் காலை முதல் வேலையாக, காப்பிக்கும் முன், அவள் கட்டிலை அளந்தேன். படுத்தபடியே டேப்பின் மறுநுனியை அவள் பிடித்துக்கொண்டாள்.