எவாரிஸ்தோ தேடிய கோழி

எவாரிஸ்தோவுக்குக் கையில் ஸ்பேனர் கிடைத்துவிட்டால் யார் சொல்லும் காதில் ஏறாது. அன்று சாயங்காலம் கந்தலாரியா மாதாவின் ஊர்வலம் அவனுடைய பிக்கப் வண்டியில்தான். மார்க்காலா மலைச்சரிவில் காப்பி மூட்டை ஏற்றி ஏற்றி முன் பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தன. மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தவன், ஒரு பக்கத்தை மாதிரிக்கு விட்டுவைக்காமல் இரண்டு பக்கத்தையும் பிரித்துப் போட்டான். மதியத்துக்குள் எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பது மறந்துபோயிற்று.

அதே மாதிரி வண்டி ஊரில் அவன் மனைவியின் அண்ணன் நிக்கானோரிடம் மட்டும் இருந்தது. மாதாவை ஏற்றும் பாக்கியம் தனக்கு வராதா என்று காத்திருந்தவனும் அவன்தான். எவாரிஸ்தோ சத்தமில்லாமல் போய், அந்த வண்டிச் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"என்ன மாப்ள தேடுற?" என்று பின்னாலிருந்து நிக்கானோரின் குரல் கேட்டது.

"கோழியக் காணோம் மச்சான்."

"என் சக்கரத்துக்குள்ளயா வந்து முட்டை போடுது?" நிக்கானோர் சிரித்துக்கொண்டே ஜாக்கி வைத்துத் தன் சக்கரத்தைக் கழற்றினான். "கோழி எப்படி உக்காந்திருக்குன்னு நல்லாப் பாத்துக்க."

சாயங்காலம் மாதா எவாரிஸ்தோவின் வண்டியிலேயே ஏறினாள்.

"வண்டிக்கு முன்னாடி நான் நடக்குறேன். பிரேக் பிடிக்கலன்னா என் தங்கச்சிக்கு நீயே பதில் சொல்லிக்க" என்றான் நிக்கானோர்.

கோயில் இறக்கத்தில் வண்டி அவன் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கோழி நல்லாத்தான் அடைகாக்குது மாப்ள."