நடுவில் போட்ட கோடு

நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில், கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. முதலில் முழு பாடிக்கும் ஒரே ஸ்கெட்ச் போடுவேன். அதிலிருந்துதான் தளம், பக்கப்பலகை, பின்கதவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாகமாக எடுப்பேன். மூல ஸ்கெட்ச்சில் ஒரு கோட்டை நகர்த்தினால் எல்லாப் பாகமும் தானாக மாறிக்கொள்ளும்.

அப்பா போன மறு வருடம் தம்பி கேட்டான். "லாரிக்கு வரையற மாதிரி நம்மூட்டையும் ரெண்டா வரைஞ்சு குடுத்துருங்கண்ணா." எங்கள் வழக்கத்தில் பெரியவன் பிரிக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பங்கு மிஞ்சும் என்று தெரியாததால் பெரியவனின் கை தானாகவே நேர்மையாகிவிடும். நல்ல ஏற்பாடுதான்.

வெண்ணந்தூர் வீட்டை டேப் பிடித்து அளந்தேன். நான் பிறந்த வீடு. ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். சுவர் ஒன்பது அங்குலம் என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. முழு வீட்டையும் ஒரே ஸ்கெட்ச்சில் போட்டு, நடுவில் கோடு இழுத்து, இரண்டு பாகமாக எடுத்தேன். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

தம்பி திரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டான். "பின்னால நீங்க இதுல கோட்டை நவுத்துனா என்ற பங்கும் மாறிப்போகுமுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அதைக் கத்தரிச்சு உட்டுருங்க."

அவன் கண் முன்னாலேயே இரண்டு பாகங்களுக்கும் மூல ஸ்கெட்ச்சோடு இருந்த இணைப்பைத் துண்டித்தேன். துண்டித்தால் மறுபடி சேர்க்க முடியாது, பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதுவாவது கேட்டது. தம்பி வடபாதியை எடுத்துக்கொண்டான்.

நடுச்சுவர் எழுப்பக் கொத்தனார் வருவதற்கு முதல் நாள், வரைபடத்தைக் காகிதத்தில் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். வாசல், சமையலறை, கிணற்றடி என்று விரலால் தேடிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"என்ற கட்டில் எந்தப் பக்கம் சாமி?"

கோடு அம்மாவின் அறைக்கு நடுவே போயிருந்தது. ஒரு பாதி எனக்கு நடை, மறு பாதி தம்பிக்குக் குளியலறை. இரண்டும் சமமா என்று பத்துத் தடவை சரிபார்த்தவன், அங்கே ஒருத்தி படுத்திருக்கிறாள் என்பதைப் பார்க்கவில்லை.

பட்டறைக்குப் போய் மூல ஸ்கெட்ச்சைத் திறந்தேன். கோட்டை நகர்த்தி, அறையை முழுதாக என் பக்கம் சேர்த்தேன். இரண்டு பாகங்களும் அசையவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

"இதுக்குப் போயி மறுபடி அளக்கறதா? அம்மா மாசம் ஒருத்தரு ஊட்டுல இருக்கட்டுமுங்கண்ணா."

சரி என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

சுவர் எழும்பிவிட்டது. மாதம் பிறந்தால் அம்மா துணிப்பையோடு ஒரு வாசலில் இறங்கி, தெருவைச் சுற்றி, அடுத்த வாசலில் ஏறுகிறாள். போன மாதம் என் கதவருகே வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"உள்ளார வரட்டுமா சாமி?"

குனிந்து பையை எடுத்துக்கொண்டேன். "வாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.