எல்லோரும் வெளியே நின்ற விசாரணை

நான் டிப்ளோமா படித்த கல்லூரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு வரிசையின் மேல்மாடிகளில் இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் லேபை மாணவர்களே நிர்வகித்தோம். பொறுப்போடு பயன்படுத்தக் கற்றுக்கொள்ளட்டும் என்று நிர்வாகம் அதை எங்களிடம் ஒப்படைத்திருந்தது. ஐந்து பேர் கொண்ட குழு. தலைவர் ஓட்டல் நிர்வாகம் படித்தவர், செந்தூல்காரர், மைக் தேவைப்படாத குரல். துணைத்தலைவி தாதிமைப் படிப்பு. இரண்டு உறுப்பினர்கள் எப்போதும் சேர்ந்தே வருவார்கள். ஒருவன் பேசுவான், மற்றவன் தலையாட்டுவான். நான் நெட்வொர்க் படித்தேன், அதனால் செயலாளர்.

லேப் விதிகளை எழுதியது நான்தான். மொத்தம் பதினான்கு. அவற்றில் ஏழாவது விதியில் எனக்குத் தனிப் பெருமை உண்டு: "ஒரு லாகினில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அதன் உரிமையாளரே பொறுப்பு." எந்தப் பக்கம் தட்டினாலும் ஓட்டை இல்லாத வாக்கியம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கல்லூரியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சீனியர்கள் சில விஷயங்களைச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் அவற்றை என் போனில் குறித்துவைத்திருந்தேன். ஒன்று, கீழ்க்கடையில் ரொட்டி பதினோரு மணிக்குள் தீர்ந்துவிடும். இரண்டு, இடதுபக்க லிஃப்டில் ஏறக்கூடாது. மூன்று, எந்த விரிவுரையாளர் கடைசிப் பத்து நிமிடத்தில் வருகை எடுப்பார். நான்கு, ஒரு லாகினும் பாஸ்வோர்டும்.

அந்த லாகின் எங்கள் யாருக்கும் சொந்தமில்லை. எப்போதோ படிப்பைப் பாதியில் விட்டுப்போன ஒரு மாணவருடையது. அவர் பட்டம் வாங்கவும் இல்லை, நீக்கப்படவும் இல்லை என்பதால் சிஸ்டம் அவரை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தது. எங்களுக்கு ஒரு செமஸ்டருக்கு ஐம்பது பக்கம்தான் அச்சடிக்கலாம், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் உட்காரலாம். அவருடைய லாகின் பழைய காலத்தது, அதற்கு எந்த வரம்பும் கிடையாது. எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினோம். ஏழாவது விதியை எழுதி முடித்த அன்றுகூட அதை அந்த லாகினில் போய்த்தான் அச்சடித்தேன். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெயர் எங்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. ஒரு வருடம் லேபில் அதிக நேரம் செலவிட்ட மாணவருக்கு நற்சான்றிதழ் கொடுக்கலாம் என்று குழு முடிவெடுத்தது. சிஸ்டம் அவர் பெயரைத்தான் கொடுத்தது. தலைவர் மேடையில் அந்தப் பெயரை மூன்று முறை அழைத்தார். யாரும் வரவில்லை. சான்றிதழை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தோம்.

பிறகு ஒருநாள் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. பாதியில் விட்டுப்போன ஒருவர் திரும்பச் சேர விரும்புகிறார், லேபில் அவர்மீது புகார் எதுவும் இல்லை என்று மாணவர் குழு கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது. பெயரைப் பார்த்தேன். அவர் உண்மையிலேயே இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நடைமுறைப்படி அவருடைய லாகின் பதிவுகளை எடுத்தேன். பெரிய விதிமீறல்கள் மட்டும் முப்பத்தொன்று. நடைமுறைப்படி விசாரணைக்கு அழைப்புக் கடிதமும் அனுப்பினேன். அனுப்பாமல் இருந்திருக்கலாம். அந்த வயதில் எனக்கு ஒரு பட்டியல் கையில் கிடைத்துவிட்டால் அதன் அடுத்த வேலை என்ன என்பதுதான் தெரியும்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வந்தார். கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. அரைநாள் லீவு போட்டுவிட்டு, கிடங்குச் சட்டையோடு கொமுட்டர் ரயிலில் வந்திருந்தார். இருபத்தாறு வயது இருக்கலாம். உட்காரும் முன்பே ஒன்று சொன்னார்.

"தங்கச்சி, பதிவு கவுண்டர் நாலரைக்கு மூடிருவாங்க. நான் படிப்ப நிறுத்தி இன்னியோட அஞ்சு வருஷம். இன்னிக்குள்ள சேரலன்னா படிச்ச நாலு செமஸ்டரும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சு விடுங்க."

ஏன் படிப்பை நிறுத்தினார் என்று துணைத்தலைவி கேட்டாள். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து படுத்துவிட்டார் என்றார். இப்போது அப்பா நடக்கிறார், தம்பி வேலைக்குப் போகிறான், அதனால் வந்தேன் என்றார். கிடங்கில் மாலை ஷிஃப்டுக்குப் படிப்பு முடியும்வரை மாற்றிக்கொள்ள முதலாளி ஒத்துக்கொண்டாராம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ப்ரோ, முதல் குற்றச்சாட்டு. போன செமஸ்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு நீங்க ஒரே நேரத்துல மூணு கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்கீங்க. என்ன சொல்றீங்க?"

"காலைல பத்து மணிக்கா? அப்ப நான் கிள்ளான்ல லோரியில சாமான் இறக்கிகிட்டு இருந்திருப்பேன் பாஸ்."

"அப்ப நாலு எடத்துல இருந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டுத் தலைவர் என்னிடம் திரும்பினார். "எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

"ரெண்டாவது, தீக்காயத்துக்குக் கட்டுப் போடுற நோட்ஸ், எண்பத்து நாலு பக்கம் அச்சடிச்சிருக்கீங்க."

"நானா? ஊசியப் பாத்தாலே நான் கீழ உட்கார்ந்துடுவேன்."

துணைத்தலைவி தன் பேனா மூடியைக் கவனமாகத் திறந்து மூடினாள்.

"மூணாவது, ஜாதகப் பொருத்தம் பாக்குற சாப்ட்வேர் ஏத்தியிருக்கீங்க."

"பொருந்துச்சா?" என்று கேட்டார். கிண்டலா என்று பார்த்தேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான்காவது கலர் கல்யாணப் பத்திரிகை, நூற்றைம்பது பிரதி. ஐந்தாவது ஒரு நடனப் போட்டிக்கு ஒரே பெண்ணுக்கு அறுநூறு தடவை ஓட்டுப் போட்டது. ஆறாவது கொரிய நாடகம், முழுத் தொடர். அவர் என் தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தார். ஐந்து வருடத்தில் தான் செய்தவற்றைத் தெரிந்துகொள்வதில் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு தாளை மேசையில் வைத்தார்.

"இதுல எந்த கம்ப்யூட்டர், எத்தன மணின்னு போட்டிருக்குல்ல. லேப் வாசல்ல காவலுக்கு நிக்கிறவரு ஒரு புக்ல கையெழுத்து வாங்குறாரு, வரும்போது பாத்தேன். அதுலயும் கம்ப்யூட்டர் நம்பர் எழுதுறாங்க. எங்க கிடங்குல ஒரு பெட்டி காணாமப் போனா, எந்த லோரி எந்தக் கதவுல நின்னுச்சுன்னு புக்கத்தான் பாப்போம். நீங்க பாக்கலியா?"



"அது பழைய புக்கு லா," என்றார் தலைவர்.

"இருக்குமா?"

இருந்தது. எல்லாப் புத்தகங்களையும் ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும் என்பது என்னுடைய ஒன்பதாவது விதி. காவலாளி ஆறு புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

பொருத்திப் பார்த்துப் படிக்கும் வேலை செயலாளருடையது. கல்யாணப் பத்திரிகை, பதினொன்றாம் கம்ப்யூட்டர், வெள்ளிக்கிழமை மூன்று மணி. புத்தகத்தில் அந்த வரியைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தேன். தலைவரின் பெயர்.

"அக்கா கல்யாணம்," என்றார் தலைவர். "நீங்க எல்லாரும்தான் வந்து சாப்பிட்டீங்க."

பன்னிரண்டாவது விதிப்படி, வழக்கில் சம்பந்தப்பட்ட உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். தலைவர் எழுந்து வெளியே போனார். தீக்காயக் கட்டு துணைத்தலைவி. நான் படிக்கும் முன்பே அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நடனப் போட்டி மற்ற இருவரும். "அவன் தங்கச்சி ஆடுனா," என்றான் பேசுபவன். மற்றவன் தலையாட்டினான். சேர்ந்தே போனார்கள்.

மீதியை அவருக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக முப்பத்தொன்றாம் எண், நான்காம் கம்ப்யூட்டர், திங்கட்கிழமை காலை. புத்தகத்தில் என் கையெழுத்து இருந்தது, மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக. என் பெயரை நானே படித்தேன். குரல் மாறாமல் படித்ததாகத்தான் நினைவு. நிகழ்ச்சிக் குறிப்பில் "2.50, செயலாளர் வெளியேறினார்" என்று எழுதிவிட்டு நானும் வெளியேறினேன்.

இப்போது விசாரிக்க வேண்டிய ஐந்து பேரும் வராந்தாவில் நின்றோம். விசாரிக்கப்படுபவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். முடிவெடுக்க மூன்று பேர் அறைக்குள் இருக்க வேண்டும் என்பது பதின்மூன்றாவது விதி. தலைவர் எங்கள் ஆலோசகரான விரிவுரையாளருக்குச் செய்தி அனுப்பினார். பதில் உடனே வந்தது: "இது உங்கள் தன்னாட்சி. நான் தலையிட்டால் அது தன்னாட்சி இல்லை." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

"வேற யாரையாச்சும் உறுப்பினரா உட்கார வைக்கலாம்," என்றாள் துணைத்தலைவி. "அந்த லாகினத் தொடாத ஒரு ஆள்."

யோசித்துப் பார்த்தோம். எல்லா வகுப்புகளையும், எல்லா ஆண்டுகளையும் யோசித்தோம். இந்தக் கல்லூரியில் அந்த லாகினை ஐந்து வருடமாகத் தொடாத ஒரே ஆள் உள்ளே இருந்தார்.

அப்போது கதவு திறந்தது. "யாராச்சும் உள்ள வரீங்களா? ஏசி ரொம்பக் குளிருது," என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைச் செய்ததும் சங்கடப்பட்டு கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

மணி மூன்றரை ஆகியிருந்தது.

"அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சிடலாம்," என்றார் தலைவர். குரல் தாழ்ந்திருந்தது. தள்ளி வைப்பதற்கும் சேர விடாமல் செய்வதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

முப்பத்தொன்றில் இருபத்தாறு எங்கள் ஐந்து பேருடையவை. அதை எழுதிக் கையெழுத்திட்டால் அவை உள்ளே இருந்தவர் தலையிலிருந்து இறங்கிவிடும். மற்றவர் லாகினைப் பயன்படுத்தினால் மூன்று வாரம் லேப் தடை என்பது எட்டாவது விதி. இறுதி ப்ராஜெக்டுக்கு நான்கு வாரம் இருந்தது. அதற்குப் பிறகும் ஐந்து மிச்சம். அவற்றைச் செய்தவர்கள் பட்டம் வாங்கி எங்கெங்கோ போய்விட்டார்கள். ஏழாவது விதி இருக்கும்வரை அந்த ஐந்தும் அவர்மேல்தான்.

"ஏழாவது விதிய எடுத்துடணும்," என்றேன்.

"நீ எழுதுனதுதான?" என்றான் பேசுபவன்.

"ஆமா. தப்பா எழுதியிருக்கேன்."

விதியை மாற்றுவது இந்த வழக்கு அல்ல, வேறு கூட்டம். அதில் நாங்கள் உட்காரத் தடையில்லை. விசாரணையை ஒத்திவைத்து அவசரக் கூட்டம் என்று குறித்தேன். ஐவரும் உள்ளே போனோம். அவர் இன்னும் மாணவர் இல்லை என்பதால் கூட்டத்தில் இருக்க முடியாது. அவரை வெளியே நிற்கச் சொன்னேன்.

"இப்ப நான் வெளியவா?"

"அஞ்சு நிமிஷம் அண்ணே."

"என்னமோ பண்ணுங்க," என்று வராந்தாவுக்குப் போனார்.

ஏழாவது விதி நான்கு நிமிடத்தில் நீங்கியது. மிச்ச ஐந்தும் அவர்மேல் இல்லை என்றானதால், எங்கள் கையெழுத்து விழுந்ததும் விசாரித்து முடிவெடுக்க ஒன்றும் இருக்காது. தலைவர் கையை இறக்காமலே, "எட்டையும் தூக்கிடலாம் லா. உட்கார்ந்ததுதான் உட்கார்ந்துட்டோம்," என்றார்.

துணைத்தலைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தீக்காய வார்டு அறிக்கை பாக்கி இருந்தது. எனக்கு ப்ராஜெக்டில் பாதி பாக்கி. எட்டு போய்விட்டால் எங்களுக்கு ஒன்றுமே ஆகாது. அவசரக் கூட்ட அறிவிப்பில் ஒரு பொருள்தான் எழுதியிருந்தேன். கூட்டத்தில் இன்னொன்றைச் சேர்க்க முடியாது என்று சொன்னேன்.

"நீ மனுஷியா மெஷினா?" என்றார் தலைவர்.

ஆனாலும் தன் மீறல்களை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒன்பது இடத்தில் போட வேண்டியிருந்தது. ஜாதகப் பொருத்தமும் அவருடையதுதான். கொரிய நாடகம் மட்டும் யாருடையது என்று கடைசிவரை சண்டை நடந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கம் டீ கொட்டியிருந்தது. தலையாட்டுபவன்தான் அன்று முதல்முறையாக வாயைத் திறந்தான்: "என்னுது. முடிவு நல்லாவே இல்ல."

பாரத்தில் புகார் இல்லை என்று எழுதி நான் கையெழுத்திடும்போது மணி நான்கு பதினைந்து. அவர் அதை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினார். ஓடவில்லை, கிடங்கில் கனமான பெட்டியோடு இறங்குபவர்போல் ஒவ்வொரு படியாக வேகமாக இறங்கினார். நாங்கள் ஐவரும் பின்னாலேயே போய்ப் பதிவுக் கவுண்டர் வரிசையில் நின்றோம். அவருக்கு முன்னால் இரண்டு பேர். தலைவர் அவர்களிடம், "அங்கிள், இவருக்கு அவசரம்," என்று சொல்லி வழி வாங்கினார். கவுண்டர் அம்மா பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அவர் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்களிடம், "உங்களுக்கெல்லாம் கிளாஸ் இல்லியா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் மிச்சப் பதிவுகளையும் வாசல் புத்தகங்களோடு பொருத்தினேன். லேபைப் பயன்படுத்திய ஏறக்குறைய எல்லோருக்கும் மூன்று வாரத் தடை விழுந்தது. குழுவைத் திட்டாத ஆள் இல்லை. அவர் முதல் நாள் லேபுக்கு வந்தபோது நாற்பது கம்ப்யூட்டரும் காலியாக இருந்தன. நான் வாசலில், காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே கால் வைக்க எனக்கு அனுமதி இல்லை.

"எதுல உட்காரட்டும் தங்கச்சி?"

"எதுல வேணும்னாலும்."

வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்தார். புது லாகின் கொடுத்திருந்தார்கள். ஐந்து வருடத்தில் திரை மாறியிருந்தது. எங்கே தட்டுவது என்று கேட்டுக் கேட்டு, நான் வாசலிலிருந்தே சொல்லச் சொல்ல, பாஸ்வோர்ட் மாற்றும் இடத்துக்கு வந்துசேர்ந்தார். விரல்களை விசைகளின்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காவலாளியையும் திரும்பச் சொன்னேன்.