கைதட்டிய துக்க வீடு

"சந்தோஷமா இருக்கீங்களா?" என்று யாராவது மேடையிலிருந்து கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் என் கணவர்தான். வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது குடும்பங்கள் உள்ள சின்னச் சபைக்கு அவர் போதகர். நான் பாஸ்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து அப்படிக் கேட்பார். பதில் சத்தமாக வராவிட்டால் மறுபடியும் கேட்பார். ஆறு நாளும் மழையில் கொழுந்து கிள்ளிவிட்டு, காலில் அட்டைக்கடியோடு வந்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் என்ன சொல்வார்கள்? "ஆமென்" என்பார்கள். எல்லோருக்கும் முந்திக் கத்துகிறவளாக நான் இருந்தேன். அதையும் ஊழியம் என்றுதான் நினைத்தேன்.

சபையில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் குடும்பத்தில் ஞானஸ்நானம் எடுத்தது அவள் ஒருத்திதான். கணவன் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அவளைச் சபை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடிகிறவரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். உள்ளே கூப்பிட்டால், "ஒரு பொண்டாட்டியச் சமாளிக்கவே முடியல பாஸ்டரம்மா, இதுல ரெண்டு சாமியா?" என்பான். போன மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரக்கிளை முறிந்து விழுந்து அவன் செத்துப்போனான்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் சாவு விழுந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். செத்தவனின் குணம், குறும்பு, சாப்பாட்டு ருசி எல்லாம் பாட்டில் வரும். அன்றைக்கு எதிர்வீட்டு அக்காதான் முதலில் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். சபையிலிருந்து நாங்கள் எட்டுப் பேர் டாம்பரின் மேளத்தோடு போய் இறங்கினோம். விசுவாசி வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாட்சி கெட்டுவிடும் என்பது எங்கள் சட்டம். யார் போட்ட சட்டம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அக்காவின் கையை அவள் தோளிலிருந்து நானே எடுத்துவிட்டேன். "அக்கா, இவ ஆண்டவரோட பிள்ளை. இப்படியெல்லாம் அழக்கூடாது. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். பிணத்தைச் சுற்றி நின்று நாங்கள் கைதட்டிப் பாடினோம். அவளும் தட்டினாள்.

அடுத்த ஞாயிறே அவளைச் சபையில் எழுந்து நிற்க வைத்துச் சாட்சி சொல்ல வைத்தோம். "சந்தோஷமா இருக்கேன்" என்றாள். சபையே அல்லேலூயா போட்டது. என் கணவர் அதோடு விட்டாரா? கீழே ஊரில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கலங்காத விதவை என்று மேடையில் நிறுத்தினார். வெளியூர்ப் பிரசங்கியார் அவள் தலைமேல் கைவைத்து, இந்தச் சந்தோஷம் உங்களுக்கு உண்டா என்று கூட்டத்தைப் பார்த்து அதட்டினார். அவளோ முந்தானை நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் என் காதோடு சொன்னாள். "பாஸ்டரம்மா, எனக்கு அழுகையே வர மாட்டேங்குது. சோறும் எறங்கல. இப்ப கொஞ்ச நாளா அவரு மொகமும் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. கண்ண மூடுனா நீங்கள்லாம் கைதட்டுறதுதான் தெரியுது."

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். அவர், "சபையில நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார்.

"நாலு பேர விடுங்க. செத்துப்போன லாசரு கல்லறைக்கு முன்னால இயேசு அழுதாரா இல்லையா? கொஞ்ச நேரத்துல உயிரோட எழுப்பப்போறவனுக்காகவே அவரு அழுதாரு. எழுப்ப வக்கில்லாத நாம அவள ஏன் அழவிடல?"

அவர் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். ஆனால் அவரைச் சொல்லி என்ன? கையை எடுத்துவிட்டவள் நான்.

மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. "என்ன பாஸ்டரம்மா, இந்தப் பக்கம்? நாங்க தொட்டா தீட்டுன்னுதான தள்ளிவிட்ட? அவளும் நானும் பதினேழு வருஷமா ஒரே நிரையில கொழுந்து கிள்ளுதோம். நீ வந்து எத்தன வருஷமாச்சு?" என்று ஆரம்பித்து, லயமே எட்டிப்பார்க்கும்படி திட்டித் தீர்த்தாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சேரவேண்டியதுதான். "தப்பு என்னோடதுதான்க்கா. அவளுக்காக வாங்க" என்றேன். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு, இன்னும் மூன்று பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அந்தப் பெண்ணின் வீட்டில் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். "நிக்கதுக்கா வந்த? உக்காரு" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் தோளில் ஒரு பக்கம் அக்கா கை, மறுபக்கம் என் கை. அக்கா குரலெடுத்தாள்:

"உப்பு பத்தலன்னு சண்டை போட ஒருநாளும் தவறலையே,
உலை வச்சுக் காத்திருக்கா, உன் சத்தம் கேக்கலையே..."

அவள் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு வந்த அழுகையை நான் எப்படி எழுதுவது? இரண்டு மாதம் நாங்கள் கைதட்டி உள்ளே அமுக்கிவைத்தது முழுக்க வந்தது. நானும் வாய்விட்டு அழுதேன். நடுவில் திடீரென்று அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். "உப்பு சரியா இருந்தாலும் அப்படித்தான்க்கா சொல்லுவாரு" என்றாள். பெண்களும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "மொகம் வந்துருச்சு பாஸ்டரம்மா" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, யாரும் கேட்காமலே, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

எத்தனையோ கூட்டங்களில் எவ்வளவோ ஸ்தோத்திரம் கேட்டிருக்கிறேன். உண்மையானது இதுதான் என்று அப்போது தெரிந்தது. அவளை அழவிட்டிருந்தால் அதை நான் அன்றைக்கே, அந்தப் பிணத்தின் பக்கத்திலேயே கேட்டிருக்கலாம். என் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றித் தரும்படி நான் ஜெபிக்கவும் இல்லை.