சேலை கட்டிய காடு

தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம் இருந்தது. சுற்றிலும் மரவள்ளி, நடுவில் கஞ்சா. இப்படி எழுத இப்போது கை கூசுகிறது. நட்டபோது கூசவில்லை. பறித்த கூலிக்குக்கூட விலை போகாத தக்காளியை இரண்டு தடவை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தவர்களுக்குக் கூச்சம் சீக்கிரம் விட்டுப்போகும். யோசனை என் வீட்டுக்காரருடையது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நாற்றுக்குத் தண்ணீர் சுமந்தது நான்.

மரவள்ளி இலையும் விரித்த கை மாதிரி, அதுவும் விரித்த கை மாதிரி. தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. போலீஸ் ஜீப்பில் வரும். ஜீப் வருவதற்குள் சேதி வந்துவிடும். ஆடு மேய்ப்பவர்கள் வரப்போடு போய்விடுவார்கள். நாங்கள் பயந்தது காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்களுக்குத்தான். அவர்களுக்கு வழியும் கிடையாது, வரப்பும் கிடையாது. பன்றித் தடம் எந்த நிலத்துக்குள் நுழைகிறதோ அதற்குள் நாயோடு நுழைவார்கள். அவர்கள் செய்வதும் களவுதான், பிடிபட்டால் வனத்துறை உள்ளே வைத்துவிடும். ஆனாலும் கறியைப் பங்கு போடுகிற இடத்தில் எவன் வாயும் சும்மா இருக்காது.

எங்கள் பக்கத்தில் பன்றிக்குப் பயந்து நிலத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது வழக்கம். காற்றில் அது அசைந்தால் ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி ஒதுங்கும் என்று ஒரு நம்பிக்கை. அதையே மறைப்பாக்கிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். வெளியிலிருந்து உள்ளே தெரியாது, ஏன் கட்டினாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். என் பெட்டியைக் காலி செய்தோம். நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த சேலையைக்கூடக் கம்பில் இழுத்து முடிச்சுப் போட்டார். கெட்டிக்காரத்தனம் என்று நானும்தான் நினைத்தேன்.

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கு உறைத்தது தெருக்குழாயில். வேட்டைக்குப் போகிற மூன்று பேரில் ஒருவன் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவன். என்னை மதினி என்றும் என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் கூப்பிடுவான். என் மாமியார் செத்த அன்று மழையில் நனைந்துகொண்டு பாடைக்கு மூங்கில் வெட்டி வந்தவன். அவன்தான் பைக்கை நிறுத்திக் கேட்டான்.

"என்ன மதினி, காடு பூரா சேலையாக் கட்டி வச்சிருக்கீக? பன்னி அம்புட்டு வருதா அங்கன?"

"அதெல்லாம் ஒண்ணும் வரலப்பா. சும்மா கட்டியிருக்கு."

"சும்மா யாரு மதினி சேலை கட்டுவா? அண்ணன்கிட்டச் சொல்லுங்க, நாங்க வந்து ஒரு கை பாக்குறோம்."

சிரித்துவிட்டுப் போனான். எனக்குக் குடம் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியவில்லை. சேலை கட்டின காடு என்றால் பன்றி வருகிற காடு. வேட்டைக்காரன் தேடுவதும் அதைத்தானே. விருந்துக்குப் பந்தல் போட்ட மாதிரி அல்லவா போட்டு வைத்திருந்தோம். அவிழ்த்துவிடுவோம் என்று அன்றைக்கே வீட்டில் சண்டை பிடித்தேன். "இப்ப அவுத்தா அவனுக்குச் சந்தேகம் வரும். இன்னும் மூணு வாரத்துல அறுத்துரலாம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்றார். இருந்தேன்.

இரண்டாவது வாரம், இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த ஒரு காலை. நாங்கள் நிலத்தை நெருங்கும்போதே நாய்கள் குரைப்பது கேட்டது. பிறகு ஒரு வெடி. பிறகு ஒரு மனிதனின் அலறல். நான் முன்னால் ஓடினேன். குண்டடிபட்ட பன்றி திரும்பிப் பாய்ந்திருக்கிறது. கூட வந்த இருவரும் கள்ளத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாலு வீடு தள்ளி இருக்கிறவன் மட்டும் மல்லாந்து கிடந்தான், சரியாக எங்கள் செடிகளுக்கு நடுவில். தொடை பிளந்திருந்தது.

வேலியிலிருந்து ஒரு சேலையை உருவி இறுக்கிக் கட்டினேன். அதுவரைக்கும் நான் மனுஷிதான்.

"மதினி, தண்ணி" என்றான்.

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் பார்த்தது அவனை அல்ல, செடிகளை. நானும் அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் ஆம்புலன்ஸ் மட்டுமா வரும்? பன்றி குத்திய இடத்தைப் பார்க்க வனத்துறை வரும், அவர்கள் வந்தால் போலீஸ் வரும், பின்னாலேயே ஊர் வரும்.

"பிடுங்கிட்டுப் போன் போடுவோம்" என்றார்.

"சாகக் கெடக்கான்ங்க."

"நாம உள்ள போனா பிள்ளைக ரெண்டும் நடுத்தெருவுலதான். பிடுங்கு."

பிடுங்கினேன். ஈர மண்ணில் வேர் லேசாக வந்தது. அவரைவிட நான் வேகமாகப் பிடுங்கினேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். கட்டுக் கட்டாகத் தூக்கிப் பாழுங்கிணற்றில் போட்டு, மேலே மரவள்ளிக் குச்சிகளைத் தள்ளி மூடினோம். நடுவில் அவன் முனகல் நின்றுபோனது. செத்திருந்தால் என்ன சொல்வது என்று அப்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடைசிச் செடியும் போன பிறகுதான் போன் போட்டோம்.

"இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "இப்பத்தாங்க பாத்தோம்" என்றார் வீட்டுக்காரர். அவனுடைய ஒரு காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். விறகு பொறுக்கப் போன இடத்தில் பன்றி குத்தியதாக அவன் எழுதிக் கொடுத்தான். அவன் வேட்டையை மறைக்கச் சொன்ன பொய் எங்களையும் சேர்த்து மறைத்தது. அவன் பெண்டாட்டி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் அங்கன இல்லேனா என் தாலி நெலைச்சிருக்காதுக்கா" என்று அழுதாள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் "தப்பிச்சோம்" என்று பெருமூச்சு விட்டார். அந்த மனுஷனை அன்றைக்கு வெறுத்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் வெறுத்தேன்.

அவன் மயங்கிக் கிடந்தான், எதுவும் தெரியாது என்றே நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான், ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

"நல்லாயிருக்கீகளா மதினி?"

தலையை ஆட்டினேன்.

"நான் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்" என்றான். கோபமே இல்லாத குரல். "யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். உங்க எடத்துல நான் இருந்தாலும் பிடுங்கித்தான் இருப்பேன்." ஊன்றுகட்டையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றினான். "ஒரு வாய் தண்ணியக் குடுத்துட்டுப் பிடுங்கியிருக்கலாம்ல மதினி."

தண்ணீர்க் கேன் அவனிடமிருந்து நாலு எட்டில், வரப்பு மேல்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் செடி வாசம் போக வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் அந்தத் தண்ணீரில்தான் கை கழுவினோம்.